மடியில் இருந்த ரோட்டர்

பஞ்சு வியாபாரி ஒருவரிடம் அப்பா டிரைவராக இருந்தார். முதலாளியின் கார் எங்கள் வாசலில்தான் நிற்கும். கடற்காற்றில் ஈரம் குடித்து, எளிதில் ஸ்டார்ட் ஆகாது. அப்பா முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைப்பார், பிறகு பிளக்குகள், பிறகு கார்புரேட்டர். எட்டு வயதில் இந்த வரிசை எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், கார்த்திகையில், அக்காவை அழைத்துப் போக அத்தான் கொழும்பிலிருந்து வந்தார். அக்கா எங்களிடம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் இடது கையில் மூன்று சூட்டுத் தழும்புகள். அடுப்பில் பட்டது என்றாள் அம்மா. மூன்றும் ஒரே அளவு வட்டம். அத்தான் பிடிக்கும் சுருட்டின் அளவு. பெரியவர்கள் கூடி, அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா வாய் திறக்கவில்லை.

கப்பல் தூரத்தில் நிற்கும். கரையிலிருந்து லாஞ்சில் போக வேண்டும். கடைசி லாஞ்ச் ஐந்து மணிக்கு. மூன்றரைக்குப் பெட்டிகளை ஏற்றினார்கள். கார் கிளம்பவில்லை.

அப்பா மூடியைத் துடைத்தார். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரை ஊதினார். மணி நாலேகால்.

"மாமா, லாஞ்ச் போயிரும்லா" என்றார் அத்தான்.

"உப்புக்காத்துல்லா மாப்பிள்ளை. பொறுங்க."

எதிர்க்கடைக்காரர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, மகளை அனுப்ப வண்டிக்கு மனசில்லையோ?"

அப்பா நிமிரவில்லை. மறுபடியும் பிளக்கிலிருந்து தொடங்கினார்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் என்ற சின்னத் துண்டு இல்லாவிட்டால் எந்த வண்டியும் ஓடாது. யுத்த காலத்தில் வண்டி திருடு போகாதிருக்க அப்பா அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார். அன்று மதியமும் அப்படிச் செய்ததைப் பார்த்திருந்தேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எப்பா, ரோட்டர் உங்க மடியில்லா இருக்கு!"

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வேட்டி மடிப்பை மெதுவாக அவிழ்த்து எடுத்துப் பொருத்தினார். முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது.

அத்தான் என் கன்னத்தில் தட்டினார். "ஏளா, நீதான் மெக்கானிக்!"

அக்கா திரும்பி வரவில்லை. போன ஒன்பதாம் மாதம் தந்தி வந்தது.

அன்றைக்கு லாஞ்ச் கிளம்பக் கால்மணி இருக்கும்போதே சேர்ந்துவிட்டோம். வழி முழுக்க அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில், பரிசு வாங்கியவளைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா ஏன் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.