ஹாரன் அடிக்காத பஸ்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். வெளிநாட்டில் பல் மருத்துவம் படிக்கப் போகிறாளாம். கம்ப்யூட்டர் திரையிலேயே இன்டர்வியூ. "ஆன்டி, நீங்க டென்டிஸ்ட்தானே? கொஞ்சம் கேள்வி கேட்டுப் பாருங்களேன்!"

கேட்டேன். டக் டக்கென்று பதில் சொன்னாள். கெட்டிக்காரி. ஆனால் ஆரம்பித்ததிலிருந்து முடிக்கும்வரை உதட்டில் ஒரே சிரிப்பு. பதில் தெரிந்தாலும் சிரிப்பு, தெரியாமல் விழித்தாலும் அதே சிரிப்பு.

"கோச்சிங் சென்டர்ல சொல்லியிருக்காங்க ஆன்டி. கேமரா ஆன்ல இருக்கிற வரைக்கும் சிரிப்பு ஆஃப் ஆகக் கூடாதாம்!"

"கொஞ்சம் நிறுத்தும்மா!" என்றேன். குரல் தூக்கலாக வந்துவிட்டது. பாவம், முகம் வாடிப் போய்விட்டாள்.

ஏன் அப்படிக் கத்தினேன்? அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்போதெல்லாம் மார்க் மட்டும் போதாது. மெட்ராஸுக்குப் போய், நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முன் நின்று, "எதற்குப் பல் மருத்துவம்?" என்ற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். செங்கத்தில் கடலை வியாபாரம் செய்துகொண்டிருந்த எங்கள் அப்பாவுக்கு இது கடலைவிடப் பெரிய குழப்பம். எங்கள் குடும்பத்தில் இன்டர்வியூ என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். என் அக்கா வீட்டுக்காரர்.

மாமா போகாத இன்டர்வியூ கிடையாது. பாங்க், ரயில்வே, தபால் ஆபீஸ்... எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தோற்றால் என்ன? அனுபவம் அனுபவம்தானே! என்னை மலைக்கு அனுப்பி வைத்தார் அப்பா.

மாமாவின் பாடத்தில் முதல் விதி — சிரித்த முகம். "பதில் தெர்லன்னா பரவால்ல வசந்தா. மூஞ்சி சிரிக்கணும். உர்ருன்னு போனா எவன் சீட்டு குடுப்பான்?"

தினமும் காலையில் சாலையோர மதகில் போய் உட்காருவேன். மூடுபனி அப்படியே சாலையில் படுத்துக் கிடக்கும். பத்தடி தள்ளி நிற்கும் புளியமரம்கூடத் தெரியாது. பனியிலிருந்து யாராவது வெளியே வந்தால் அவர்தான் என் இன்டர்வியூ அதிகாரி. "குட் மார்னிங் சார்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பளிச்சென்று சிரிப்பேன். புல்லுக்கட்டோடு போகிறவர்கள் விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒருத்தி பதிலுக்குச் சிரித்தாள்.

முப்பது வயதிருக்கும். தலையில் கூடை. ஒரு காலை லேசாக இழுத்து நடந்தாள். பாதத்தில் துணிக்கட்டு. நான் சிரித்ததும் நின்று என்னைப் பார்த்தாள். உதடு இரண்டு பக்கமும் நீண்டு, பல் தெரிய... நல்ல வரிசையான பல். எனக்கோ சந்தோஷம்! "எந்த வூருக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. சிரித்தபடியே பனிக்குள் போய்விட்டாள்.

மறுநாளும் வந்தாள். கூடை இல்லை. கழுத்தைத் திருப்பாமல், உடம்போடு சேர்த்துத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதே சிரிப்பு. கொஞ்சம்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

அப்போதுதான் அவள் கண்ணைக் கவனித்தேன்.

கண் சிரிக்கவில்லை. நீர் நிறைந்து, இமைக்காமல், என்னிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது. அந்த முகத்தில் கண் ஒருத்தியுடையது, வாய் வேறொருத்தியுடையது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே...

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "யாரு, காளியம்மாவா? சடையன் பொண்டாட்டி. வாய் கட்டிக்கிச்சாம்டீ. சோறும் எறங்கல, பேச்சும் இல்ல. சிரிச்சிக்கினே கீறாளாம். அந்த வூட்டுப் பக்கம் யாரும் போறதில்ல. நீயும் இனிமே அந்த மதகாண்ட போவாத."

பல் டாக்டர் ஆகப் போகிறவள்தானே, பயப்படலாமா என்று கேட்பீர்கள். பயந்தேன். அன்றைக்கு நான் பதினெட்டு வயதுப் பெண். அவளைப் பேய் பிடித்திருக்கிறது என்று மற்றவர்கள் நம்பியதுபோலவேதான் நானும் நம்பினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

நான் மெட்ராஸ் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பம்பைச் சத்தம் கேட்டது. சடையன் வீட்டில் பேய் ஓட்டுகிறார்கள் என்றார் மாமா. "போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்று அவர் கிளம்ப, அக்கா வேண்டாம் என்று தடுத்தும் நானும் கூடவே போனேன். பயத்துக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்க்கக் கூடாது என்கிறதோ, அதன் பக்கமாகத்தான் நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். பம்பைக்காரர் பம்பையில் குச்சியால் ஓர் அடி போட்டார். காளியம்மாவின் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில்... நடு உடம்பு மேலே நிற்கிறது! முகத்தில் அந்தச் சிரிப்பு.

"வந்துட்டா! வந்துட்டா!" கூட்டம் பின்வாங்கியது.

அடி நின்றால் உடம்பு மெல்லத் தளரும். சிரிப்பு மட்டும் இறங்காது. மறுபடி அடி, மறுபடி வில். என் கையை மாமா இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்போது வீட்டுக்குள்ளே யாரோ ஒரு குண்டான் மூடியைக் கீழே போட்டார்கள்.

டங்!

பம்பை அடிக்கவில்லை. பாட்டு இல்லை. ஆனாலும் காளியம்மா வளைந்தாள்.

அன்றைக்குக் காலையில் மாமா என்னிடம் கேட்ட கேள்வி திடீரென்று காதில் ஒலித்தது. பொது அறிவு கைடில் இருந்த கேள்வி. வாய் திறக்க முடியாமல் ஒருவர் பல் டாக்டரிடம் வந்தால் என்ன நோயாக இருக்கலாம்? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருந்தேனே! டெட்டனஸ். ரணஜன்னி. காயத்தின் வழியே நுழையும் கிருமியின் விஷம். தாடை பூட்டிக்கொள்ளும். முகம் இழுத்துக்கொண்டு சிரிப்பதுபோல் தெரியும். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வளையும். கடைசியாக ஒரு வரி — நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை.

அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்ததும் பாயில் கிடந்தவளின் கண்ணை மறுபடி பார்த்தேன். இவ்வளவையும் அவள் கேட்டுக்கொண்டா கிடக்கிறாள்?

மாமாவிடம் கிசுகிசுத்தேன். "சும்மாரு வசந்தா. கைடுல ஒரு வரி படிச்சிட்டு... தப்பாப் போச்சுன்னா? நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போறவ நீ."

நியாயமான பயம்தான். ஆனால் பம்பைக்காரர் மறுபடி குச்சியை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்கண்ணா!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருந்தும் அவர் நிறுத்தினார். "சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்கு வலிக்குது. இப்ப மூடி வுழுந்ததுக்குக்கூட வளைஞ்சாங்க, பாத்தீங்களா? கால்ல காயம் இருக்குது. இது ரணஜன்னின்னு நினைக்கிறேன்... ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

எல்லாரும் என்னை முறைத்தார்கள். பம்பைக்காரர் மட்டும் முறைக்கவில்லை. குச்சியை மெதுவாக — சத்தம் வராமல் — கீழே வைத்தார்.

"எனக்கும் மனசு ஒப்பல பாப்பா. வேற ஆளு எறங்குனா கண்ணு மாறிடும். இவ கண்ணு மாறவே இல்ல. அடிக்க அடிக்க என்னியேதான் பாத்துக்கினு கீது."

சடையன் மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். "களைக்கொட்டு பட்ட காயம் அது. தானா ஆறிடும்னு நென்ச்சோம். எங்க இட்டுக்கினு போவணும், சொல்லும்மா?"

எங்கே என்று எனக்கு மட்டும் தெரியுமா? "வேலூரு" என்றார் மாமா. இத்தனை நேரம் பயந்தவர், கூட்டுறவுக் கடைக்கு ஓடிப் போய் ஒரு கறுப்புக் கம்பளியோடு வந்தார். நான் சர்டிபிகேட் பையைத் தூக்கிக்கொண்டேன். ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதாக ஆயிற்று.

வேலூர் போகிற சாயங்கால பஸ் புறப்படத் தயாராக நின்றது. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஹாரன் அடிக்கக் கூடாது என்றதும் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா பேசற? இந்தப் பனியில, இந்த வளைவுல ஹாரன் இல்லாம வண்டிய எறக்கறதா? எதுர்ல லாரி வந்தா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேர வேண்டியதுதான்."

சடையன் மனைவியைக் கையில் தாங்கியபடி நின்றார். கம்பளியின் ஓரம் விலகியிருந்தது. டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒவ்வொரு வளைவுக்கும் நான் எறங்கி முன்னாடி நடக்கிறேண்ணே" என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்...

பஸ் நிறைய ஆள். ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் மடியில் இருந்த கோழியின் தலையைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். கைக்குழந்தை சிணுங்கும்போதெல்லாம் தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள். இருமல் வந்தவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். இன்ஜினை அணைக்க முடியாது, அது ஒன்றுதான் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் பஸ் நிற்கும். கண்டக்டர் இறங்கிப் பனிக்குள் மறைவார். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் அசையும். பஸ் நகரும்.

பின் சீட்டில் சடையன் மடியில் அவள் தலை. காதில் பஞ்சுக்குப் பதில் என் தாவணிக் கிழிசல். கம்பளிக்குள் அந்தச் சிரிப்பு.

பாதி மலையில் அது நடந்தது. கீழேயிருந்து ஏறி வந்த ஒரு லாரி, நீளமாக ஹாரன் அடித்தது. காளியம்மா வளைந்தாள். அந்தத் தடவை தளரவில்லை. மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகிறது... சிரிப்பு மட்டும் அப்படியே. "காளி... காளி..." சடையன் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. சத்தம் போடக் கூடாதே! பெண்டாட்டி சாகிறாள், அந்த மனுஷன் வாய்விட்டுக் கதறக்கூட முடியவில்லை.

நானும் அவரும் அவள் உடம்பைப் பிடிக்கக்கூடப் பயந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். எவ்வளவு நேரமோ... உடம்பு கொஞ்சம் இறங்கியது. மூக்கில் சீறலாக ஒரு மூச்சு. எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கண்டக்டர் ஓடிப் போய் லாரியை ஓரங்கட்ட வைத்திருந்தார். பேசாமல், உதட்டில் விரலை மட்டும் வைத்துக் காட்டியிருக்கிறார். நாங்கள் கடந்தபோது லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். பனிக்குள்ளிருந்து ஹாரன் இல்லாமல் ஒரு பஸ். உள்ளே அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே முறைக்கிறார்கள். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது!

ஜவ்வாது மலையில் பேய் பஸ் ஓடுவதாக உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால் — அதில் நான் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்திருக்கிறேன். பேய்க் கதைகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன போலிருக்கிறது. யாரோ ஒருத்தர் உயிரைக் காப்பாற்ற நாலு பேர் செய்த காரியத்தை, ஐந்தாவது ஆள் தூரத்திலிருந்து பார்த்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே பார்வைதான் பார்த்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு இருட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். "ரணஜன்னிதான். பொழைப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு தடவை பம்பை அடிச்சிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டாங்க."

மறுநாள் மெட்ராஸ். அதற்கு மறுநாள் இன்டர்வியூ. நீள மேஜை. "எதற்குப் பல் மருத்துவம்?" வரிசையாக மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ! "வாயைத் திறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் சார்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீட் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கிடைத்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

கல்லூரியில் சேரப் போகும் வழியில் வேலூரில் இறங்கினேன். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டில் காலியாக இருந்தால்?

காளியம்மா உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக. சடையன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்தது... கொஞ்சம்தான், ஒரு ஸ்பூன் போகிற அளவுக்கு. ஆனால் திறந்தது.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மதகுல குந்தியிருந்த பொண்ணுதானே நீ?" வார்த்தை கல்லைத் தூக்கி வைப்பதுபோல் மெதுவாக வந்தது. "உங்கிட்ட சொல்லத்தாம்மா மறுநாளும் வந்தேன். வாய் தெறக்கல. நீ சிரிச்ச. அல்லாரும் சொன்னாங்க... சிரிக்கிறா பாரு, சிரிக்கிறா பாருன்னு. நான் உள்ள அழுவறேன்... மூஞ்சி சிரிச்சிக்கினே கீது. நான் சிரிக்கலன்னு யாருக்கு சொல்லுவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். முகம் கோணி, மூக்கு ஒழுகி, வாய் பிளந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுதாள். நர்ஸ் அதட்டினார். சடையன் தடுக்கவில்லை. நானும்தான்.

ஒருத்தர் அழுவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது, வாழ்க்கையில் எனக்கு அந்த ஒரு தடவைதான்.