நாலு வருஷம், ப்ளஸ் ஸ்ட்ரைக்

போன வெள்ளிக்கிழமை மஸ்கட் ரூவியில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. கேக் வெட்டியாகிவிட்டது. ஆண்கள் பால்கனிப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து... வேறென்ன, பிள்ளைகள் படிப்பு!

“எங்க பையன் டொரண்டோ.”

“எங்க பொண்ணு புனேல ஆர்க்கிடெக்சர்.”

என் முறை வந்தது. “எங்க காவ்யா இப்பதான் டிகிரி முடிச்சா. நைஜீரியால.”

சமோசாவைக் கடிக்கப்போன ஓர் அம்மணி வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்குப் புதிதாக வந்தவர்.

“நைஜீரியாவா? லாட்டரி விழுந்திருக்குன்னு ஈமெயில் வருமே... அந்த நைஜீரியாவா?”

“அதேதாங்க.”

“அடப் பாவமே! வேற எங்கயும் சீட் கிடைக்கலையா?”

எப்படிச் சொல்வது? அங்கே அரசாங்க யூனிவர்சிட்டியில் சீட் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்று சொன்னால் நம்புவாரா? நான் சிரித்து வைத்தேன். அவரும் ஆறுதலாக என் கையைப் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டில் பிடிப்பார்களே, அந்த மாதிரி!

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மெக்கானிக்கல் என்ஜினியர். மெஷினோடு நன்றாகப் பேசுவார். மனிதர்களோடு கொஞ்சம் கம்மி. திருச்சியில் ஆரம்பித்த அவருடைய உத்தியோகம் எங்களை இபாதான் நகரத்துக்குக் கொண்டுபோனது. லாகோஸுக்கு வடக்கே, துருப்பிடித்த தகரக் கூரைகளாகவே தெரியும் பெரிய ஊர். காவ்யா அங்கேதான் பள்ளிக்கூடம் முடித்தாள். நுழைவுத் தேர்வு எழுதி, ஊரிலேயே யூனிவர்சிட்டியில் மைக்ரோபயாலஜி சேர்ந்தாள். நாலு வருஷப் படிப்பு.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இவருக்கு மஸ்கட்டில் வேலை. என்ன செய்வது? மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, விமானத்தில் மஸ்கட் வரை நான் அழுதுகொண்டே வந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இறக்கையில் ஏதோ ஸ்க்ரூ லூஸாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அழுவது அப்படித்தான்.

ஹாஸ்டலைப் பற்றிக் காவ்யா போனில் கதை கதையாகச் சொல்வாள். நாலு பேர் அறையில் எட்டுப் பேர். கட்டில் கிடைக்காதவர்கள் கட்டில் கிடைத்தவர்களோடு ஒண்டிக்கொள்வார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. தண்ணீர் வாளியில் சுமந்து வரவேண்டும். கரண்ட்? அங்கே கரண்ட் ‘போவது’ கிடையாது. “லைட்டை எடுத்துட்டாங்க” என்பார்கள். யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது!

“எட்டு மணி கிளாஸுக்கு ஆறு மணிக்கே போகணும்மா. லேட்டா போனா ஜன்னல்ல தொங்கிட்டுதான் நோட்ஸ் எடுக்கணும்.”

“தினமும் ஆறு மணிக்கா எந்திரிச்சுப் போற? நீயா?”

“நான் இல்லம்மா. ஃபோலாகே போவா. எனக்கும் சேர்த்து சீட் பிடிச்சு வெப்பா. நான் அவளுக்கும் சேர்த்துத் தண்ணி தூக்குவேன்.”

ஃபோலாகே அவளுடைய ரூம்மேட். ஒரே கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டவள். அங்கே சகஜமான அந்தப் பெயரை இபாதானில் இருந்த வருஷங்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அதை ஒழுங்காக உச்சரிக்க மகள் போனில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வருஷம் பாதியில் பேராசிரியர்கள் ஸ்ட்ரைக்! நாடு முழுக்க யூனிவர்சிட்டிகளை இழுத்து மூடிவிட்டார்கள்.

“ரெண்டு வாரம்தாம்மா. சும்மா வார்னிங் ஸ்ட்ரைக். அங்க வந்துட்டுப் போறேன். நோ வஹாலா!”

வஹாலா என்றால் அந்த ஊரில் தொல்லை, தலைவலி. நம் மஸ்கட்டில் ‘பிரச்சினை இல்லை’ என்பதற்குச் சொல்கிற ‘மாஃபி முஷ்கில்’ மாதிரிதான் இந்த ‘நோ வஹாலா’வும். இரண்டில் எதைச் சொன்னாலும் அடுத்து பெரிய முஷ்கில் வரப்போகிறது என்று அர்த்தம்.

வந்தாள். இரண்டு வாரம் முடிந்தது. ஒரு மாதம் முடிந்தது. ரம்ஜான் வந்து போனது. மஸ்கட் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள், முறிந்தது என்றார்கள், மறுபடி நடக்கிறது என்றார்கள். காவ்யா எங்கள் ஹால் சோபாவிலேயே குடியிருந்தாள்.

“நாலு வருஷக் கோர்ஸ்னு சொன்னியே?” என்று இவர் கேட்பார்.

“நாலு வருஷம், ப்ளஸ் ஸ்ட்ரைக்ப்பா. அங்க எல்லாரும் அப்படித்தான் கணக்கு வெச்சுப்பாங்க.”

ஒருநாள் சோபாவிலிருந்து எழுந்து சமையலறைக்குள் நுழைந்தாள். எனக்கு உதவி செய்ய என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அவளுடைய ப்ராஜெக்ட், ‘ஓகி’யைப் பற்றி. மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து அவர்கள் கஞ்சி காய்ச்சுகிற மாவு. அதில் என்னென்ன பாக்டீரியா வேலை செய்கிறது என்பது ஆராய்ச்சி. லேப் இல்லாமல் கை துருப்பிடிக்கிறது என்று, என் தோசை மாவைத் தூக்கி மூன்று பாட்டில்களில் ஊற்றினாள். ஏ, பி, சி என்று லேபிள் ஒட்டினாள். காலையும் மாலையும் அதில் ஏதோ காகிதத்தை முக்கி எடுத்து எழுதி வைத்தாள்.

ஒரு காலை நான் குளித்துவிட்டு வருகிறேன்... சமையலறையில் அலறல்.

“அப்பா! அது என் டேட்டா!”

இவர் தோசைத் திருப்பியோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறார். “டேட்டாவா? நான் மாவுன்னு நெனச்சு ஊத்திட்டேன்...”

“பி-ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே!”

“அதான் பெஸ்ட்டுனு நெனச்சேன்.”

பி பாட்டில் காலி. கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருந்தாலும் நல்ல மொறுமொறுப்பு என்று இவர் அபிப்பிராயம் வேறு சொன்னார். மகள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவருக்குத் தூக்கம் போய்விட்டது. மகளுக்கு வயது ஏறுகிறது, படிப்பு நிற்கிறது, ஊரிலிருந்து போன் செய்கிற ஒவ்வொருவரும் “இன்னுமா முடிக்கல?” என்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லி, ஒரு பிரைவேட் காலேஜில் இடம் பேசி முடித்துவிட்டார். ஆனால் இரண்டாம் வருஷத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் சரியா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

வீட்டில் யுத்தம் மூண்டது.

“மாட்டேன்ப்பா. என் ப்ராஜெக்ட் அங்க பாதியில நிக்குது.”

“யூனிவர்சிட்டியே பாதியில நிக்குது! எப்ப தொறப்பாங்கன்னு அந்த ஊரு மினிஸ்டருக்கே தெரியல. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா தொறக்கும்போது நான் அங்க இருக்கணும். ஒண்ணா ஆரம்பிச்சோம்ப்பா... அவங்க எல்லாரும் வெயிட் பண்ணும்போது நான் மட்டும் பிளேன் ஏறி ஓடிப்போனா எப்படி?”

“ஓடிப்போறதா? காலேஜ் மாத்திக்கிறதுக்குப் பேரு ஓடிப்போறதா?”

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் யார் பக்கம்? நிஜத்தைச் சொன்னால், காலையில் இவர் பக்கம், சாயங்காலம் அவள் பக்கம்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு போன். ஃபோலாகேயின் அம்மா! இபாதானில் தையல்கடை நடத்துபவர். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். அங்கே அம்மாக்களைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

“மம்மி காவ்யா! நான் மம்மி ஃபோலாகே. என் மகளை நீங்கள் இந்தியாவுக்கு அனுப்பப் போகிறீர்களாமே?”

“உங்க மகளையா? இல்லைங்க, என் மகளை...”

“இரண்டு பேரும் என் மகள்கள்தான். ஸ்ட்ரைக்குக்கு பயப்படாதீர்கள். இது எங்கள் ஸ்ட்ரைக், எங்களுக்குத் தெரியும். மழை மாதிரி. கொட்டும், நிற்கும். வாருங்கள், ஜெபம் செய்வோம்.”

செய்தார். காவ்யாவுக்காக, ஃபோலாகேவுக்காக, பேராசிரியர்களுக்காக, அமைச்சருடைய மனசு இளகுவதற்காக, என் வீட்டுக்காரருடைய கோபத்துக்காக... ஒவ்வொரு வேண்டுதல் முடிவிலும் நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். நான் “ஆமென்” சொன்ன பிறகுதான் அடுத்தது. நான் கும்பிடுவது மலைக்கோட்டைப் பிள்ளையாரை. அவசரத்துக்கு ஒன்றிரண்டு ஆமென் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து, சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துக் கருகியது. அதற்கும் சேர்த்து ஓர் ஆமென்!

வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த நாள் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். இவர் ஒரு முடிவோடு இருந்தார். மதியச் சாப்பாடு முடித்து, காவ்யாவிடம் கடைசியாகப் பேசிவிடுகிறேன் என்று எழுந்து போனார். போனவரைக் காணோம். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். அவள் அறை வாசலில் சத்தம் காட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே காவ்யா லேப்டாப் முன்னால். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒருத்தன் சலூனில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, போனை சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பின்னால் யாருக்கோ மொட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி தக்காளி விற்றுக்கொண்டே கேட்கிறாள். ஃபோலாகே ஒரு தையல் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறாள். எங்கள் காவ்யா அவர்களுக்குப் பாடம் நடத்துகிறாள்! சென்ற வாரம் ஃபோலாகே நடத்தினாளாம். அடுத்த வாரம் அந்த சலூன் பையன் முறையாம். பாதி இங்கிலீஷ், பாதி அந்த ஊர்ப் பேச்சு. நடுவில் சலூனிலிருந்து ஒரு கேள்வி. கேட்டது அந்தப் பையன் அல்ல... கத்தரிக்கோலோடு நின்ற கடைக்காரர்! அவருக்கும் பதில் சொன்னாள்.

இவர் சமையலறைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“நாங்க காலேஜ்ல படிக்கும்போதும் ஸ்ட்ரைக் வந்துச்சு,” என்றார்.

“அப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“எல்லாப் படத்தையும் பார்த்து முடிச்சோம். பார்த்த படத்தையே மறுபடி பார்த்தோம்.” டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “வாத்தியார் இல்ல, பரீட்சை இல்ல, கரண்ட் இல்ல... இதுங்க உட்கார்ந்து படிக்குதுங்கடி!”

அன்று சாயங்காலமே என் தம்பிக்கு போன் செய்தார். “மாப்ள, அந்த சீட் வேணாம்ப்பா. கலாஸ்.” அரபியில் ‘முடிந்தது’. அவ்வளவுதான். காவ்யா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவர் மின்விசிறியைப் பார்த்து, அதில் ஏதோ சத்தம் வருகிறதே என்றார்.

ஸ்ட்ரைக் முடிந்ததா? முடிந்தது. எப்படி? திடீரென்று! அடுத்த திங்கள் வகுப்பு, அடுத்த மாதம் பரீட்சை. அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் போட்டு, இட்லிப்பொடி, ஊறுகாய், ஃபோலாகே அம்மாவுக்கு ரூவி கடைத்தெருவில் வாங்கிய ஜரிகை லேஸ் எல்லாம் கட்டி அனுப்பினோம்.

ப்ராஜெக்ட் வைவாவின்போது, எதிர்பார்த்தபடியே, லைட்டை எடுத்துவிட்டார்களாம். ஸ்லைடு எல்லாம் போச்சு. மனப்பாடமாகவே பேசியிருக்கிறாள். தோசை மாவு விவரத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“பி மாதிரியின் முடிவுகளைக் காணோமே?”

“அதை என் அப்பா சாப்பிட்டுவிட்டார், சார்.”

“ஓ! இப்போது நலமாக இருக்கிறாரா?”

“நலம் சார். இன்னொன்று கேட்டார்.”

இருட்டு ஹாலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்றாம்.

ரிசல்ட்டும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று ஃபோலாகே வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒருநாள் போன். “செகண்ட் கிளாஸ் அப்பர்ப்பா!”

இவர் முகம் தொங்கிவிட்டது. “செகண்ட் கிளாஸா? அதென்ன அப்பர்... ரயில் பெர்த்தா?”

அங்கே அது நல்ல பெரிய மார்க் என்று புரியவைப்பதற்குள் அவளுக்கு போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்த பிறகு இவர் ஆபீஸில் கெமிஸ்ட்டிலிருந்து டிரைவர் வரை எல்லோருக்கும் பக்லவா. “அப்பர், பாய், அப்பர்!” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம்.

போன மாதம் வந்து சேர்ந்தாள். வந்த களைப்பில் தூங்கிவிட்டாள். நான் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியைப் பிரித்தேன். ஒரு வெள்ளைச் சட்டை. ஐயோ, அந்தச் சட்டை! முன்னால், பின்னால், கை, காலர்... ஓரிடம் பாக்கியில்லாமல் நீலத்திலும் சிவப்பிலும் கிறுக்கல். யாரோ பாவிகள் என் பெண்ணை ராகிங் செய்திருக்கிறார்கள்! நேரே குளியலறைக்கு ஓடினேன். எலுமிச்சம்பழம், சோப்புத்தூள், பிரஷ். முதுகுப் பக்கத்தைத் தேய் தேய் என்று தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து வந்தது. எனக்கு ஒரே பெருமை.

“அம்மாஆஆ!”

பிறகுதான் தெரிந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அங்கே எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்களாம். நண்பர்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் வாழ்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவார்களாம். நான் வெளுத்த இடத்தில் எழுதியிருந்தது ஃபோலாகே!

காவ்யா அழுவாளா, கத்துவாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டையைத் தூக்கிப் பிடித்து வீடியோ காலில் ஃபோலாகேயிடம் காட்டினாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபோலாகே கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள்: “அந்த இடத்தில் மம்மி காவ்யா எழுதட்டும்.”

காவ்யா மார்க்கரை என் கையில் கொடுத்தாள். வாரா வாரம் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுகிறவள் நான். அந்த உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரி வரவில்லை. கண் வேறு மறைத்தது. வெகுநேரம் யோசித்து, அழியாத மையில் எழுதினேன்:

‘துவைக்கக் கூடாது. - அம்மா.’