கழற்றி மாட்டும் பல்

அலுவலகக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு முதலையக்கா என்று பெயர். காரணம், அவளே பச்சைத் துணியில் தைத்த ஒரு முதலை. முட்டை அட்டையை வெட்டி ஒட்டி அதற்குப் பல் வைத்திருக்கிறாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் முதலை வாயைத் திறக்கும். பல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் நூல் துணுக்குகளைக் குழந்தைகள் பிரஷால் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தவர்கள் அடுத்ததாகத் தங்கள் வாயில் தேட வேண்டும். மொத்தம் எட்டுப் பேர், ஒருவருக்கும் மூன்று வயது நிறையவில்லை. எட்டு வாயையும் ஒரு நிமிடம் திறக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேல்மாடிக் கூட்டங்களில் திறந்த வாயை மூட வைக்கத்தான் படாதபாடு படுவார்கள். இங்கே நிலைமை தலைகீழ்.

பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், மகள் கல்லூரியில், படியேறினால் முழங்கால் வலி என்று அவளைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அவளுடையவை அல்ல. முப்பத்திரண்டு வயதில் சொத்தை முற்றிப் பிடுங்க வேண்டியதாகி, பல் செட் வைத்துக்கொண்டாள். வீட்டில்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைக் கழுவுவாள். பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பவளுக்கே பல் இல்லை என்று தெரிந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? அவளுக்கு அது பெரிய வெட்கம். வெட்கத்துக்கு நியாயம் கேட்டுப் பயனில்லை.

எட்டுப் பேரில் முதலைக்கு மசியாதவள் ஒருத்தி உண்டு. நான்காம் மாடியில் கட்டிட வரைபடம் போடுகிறவரின் மகள். பிரஷைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள் என்பதால் எல்லோரும் அவளைப் பூட்டு என்றே கூப்பிட்டார்கள். பாட்டுப் பாடினாலும் சரி, பஞ்சு பொம்மை கெஞ்சினாலும் சரி, அம்மணி அசைய மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மற்ற குழந்தைகள் தூங்க, பூட்டு மட்டும் விழித்திருந்தாள். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அக்கா மறுபடி முயன்று பார்த்தாள். குழந்தை பிரஷைத் திருப்பி அவள் வாயிலேயே வைத்தது. "நீ தேயி" என்றது. தேய்த்தாள். அதற்கும் சமாதானமாகாமல், "உள்ள காட்டு" என்றது.

அக்கா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. என்ன நினைத்தாளோ, செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டாள்.

பூட்டு வாயைப் பிளந்தாள். இத்தனை நாள் திறக்காத வாய் அது. பின்பக்கப் பல் இரண்டில் கறுப்புப் புள்ளி விழுந்திருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

"சின்ன வயசுல நான் சரியா தேய்க்கல, கண்ணு. அதான் என்னுது போயிடுச்சு. இது செஞ்சு வச்சது. உன்னுது இப்படிக் கழறாது, அங்கேயே வச்சுத்தான் தேய்க்கணும்."

பால்பல் விழும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். குழந்தை தலையாட்டிவிட்டு, அக்கா எடுத்த வேறு பிரஷை உள்ளே போக விட்டது.

சொன்னதில் பாதிதான் அந்த மண்டையில் ஏறியிருக்கிறது என்பது திங்கட்கிழமை காலை தெரிந்தது. பல்லைக் கழற்றித்தான் கழுவ வேண்டும் என்று பூட்டு வகுப்பெடுத்திருக்க வேண்டும். எட்டுப் பேரும் வாய்க்குள் விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருந்த இரட்டையர்களில் ஒருவன் தன் பல் வராததால் தம்பியின் பல்லைப் பிடித்திருந்தான். அக்கா ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து, விரலை எடுத்துவிட்டு, "இது கழறாது, இங்கேயே தேய்க்கணும்" என்று எட்டுத் தடவை சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாலையில் பூட்டின் அப்பா கோபமாக வந்தார். இரண்டு நாளாகப் பிள்ளை பல்லைப் பிடித்து இழுக்கிறாள், கேட்டால் அக்காவின் பல் கையோடு வரும் என்கிறாள், இங்கே என்னதான் கதை சொல்கிறீர்கள் என்று காப்பகப் பொறுப்பாளரிடம் கேட்டார். பொறுப்பாளர் சிரித்துச் சமாளித்தார். குழந்தைகளின் கற்பனைக்கு அளவேது என்றார். பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த இரண்டு தாய்மார்களும் ஆமாம் என்றார்கள். அக்காவுக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், தப்பித்தாயிற்று.

ஆனால் அப்பா மகள் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பொய் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழந்தை அக்காவைப் பார்த்தது. அக்கா தரையைப் பார்த்தாள். சின்ன உதடுகள் பழையபடி இறுகின. இப்போது சும்மா இருந்தால் இந்த வாய் இனி தனக்குத் திறக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு, அங்கே நின்ற நாலு பேர் முன்னாலும் செட்டைக் கழற்றினாள்.

"அவ பொய் சொல்லல, சார். நான்தான் காட்டினேன்."

காற்றுப் போய்ச் சொல் குழறி வந்தது. பொறுப்பாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். யாரும் சிரிக்கவில்லை. இதற்கா பதினோரு வருடம் பயந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பூட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, வாயை அகலத் திறந்து காட்டினாள். "என்னுது வராதுப்பா. பாரு."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வீட்டிலும் இந்த வாய் திறந்ததில்லை போலிருக்கிறது. பின்பக்கம் கறுப்பாக இருக்கிறதே என்று கேட்கும்போது குரலில் கோபம் இல்லை. பல் டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னாள் அக்கா.

"காட்டறேன். எப்படித் தேய்ச்சு விடணும்னு எனக்கும் ஒருதடவை சொல்லிக் குடுங்கக்கா" என்றார்.

செட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் நினைப்பே இல்லாமல், அக்கா அப்பாவையும் மகளையும் கழுவுதொட்டிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.