இருநூற்றைம்பது அடி உயரத்துத் தாய்ப்பால்

கிரேன்காரி வேலை பார்க்கும் அறை தரையிலிருந்து இருநூற்றைம்பது அடி உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, இரும்பு ஏணிதான். காகங்கள்கூடப் பாதி ஏணியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே பறக்கும் என்பார்கள். நான் இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொன்னவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்.

அறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நாற்காலி, கைக்கொன்றாக இரண்டு லீவர், காலுக்கடியில் கண்ணாடித் தரை, பை மாட்ட ஒரு கொக்கி. அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்துகொண்டு, இருபது மாடிக் கட்டடத்துக்கு வேண்டிய கம்பியையும் கலவையையும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போலச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாள். ஊரிலேயே நல்ல கை அவளுடையது என்று பேர்.

பிள்ளை பிறந்து நாலு மாதம் நேராகப் பால் கொடுத்தாள். ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது பையில் பேட்டரி பம்ப் ஒன்றும் கூட ஏறியது. கீழே கம்பிக் கட்டைக் கொக்கியில் மாட்டி முடிக்கப் பதினைந்து நிமிடமாவது ஆகும். அந்த இடைவெளியில் மேலே இவள் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்துவிடுவாள். தரையில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் இதற்காக மறைவிடம் தேடி அலைவார்கள். இவளுக்கு எட்டிப் பார்க்க மேகத்தைத் தவிர ஆளில்லை. ஒரு மேகம் எட்டிப் பார்த்து வெட்கப்பட்டு விலகிப் போனதாகவும் கேள்வி.

மத்தியானம் ஐஸ் வைத்த பையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். கீழே நின்று அவளுக்கு வாக்கி-டாக்கியில் சைகை சொல்லும் சிக்னல்காரர், நாலு டன் இரும்பு இறங்கும்போது போடாத சத்தத்தை அப்போது போடுவார்.

"பால் இறங்குது! தள்ளிக்கப்பா, தள்ளிக்க! ஒரு சொட்டு சிந்தினாலும் அந்தப் பொண்ணு எம்மேல கம்பியை இறக்கிடும்!"

வாசலில் காத்திருக்கும் மாமியார் பையை வாங்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவாள்.

எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டாம் வாரமே பிள்ளை மார்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டிலில் கடகடவென்று வருகிற பாலுக்குப் பழகிய வாய்க்கு, சொட்டுச் சொட்டாகத் தொடங்குகிற பால் பிடிக்கவில்லை. அதன்பின் வீட்டிலும் பம்ப், வேலையிலும் பம்ப். ராத்திரி பம்பின் எட்டு உருப்படிகளையும் கழற்றிக் கழுவிக் கொதிக்க வைப்பது புருஷன் பொறுப்பு. அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடியுமுன் போய்க் காலை பத்து மணிக்கு வந்து படுத்தால் இடி விழுந்தாலும் அசைய மாட்டான்.

மாமியார் மட்டும் தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை. "என்னதான் மெஷின்ல எடுத்துக் குடுத்தாலும், நேராக் குடுக்கறதுக்கு ஈடாகுமா? அப்பத்தான் பிள்ளை ஒட்டும்."

அந்தச் சொல் இவளுக்குள்ளே போய் முள்ளாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்குத் தன் பால் வேண்டும், தான் வேண்டாமோ?

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னார். "ஸ்டோர்ல ஒரு இடம் காலியா இருக்கும்மா. நட்டு, போல்ட்டு எடுத்துக் குடுக்கற வேலை. மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பாத்துட்டு வரலாம். சனிக்கிழமைக்குள்ள சொல்லு."

கிரேனை விட்டு இறங்குவதா? ஆனாலும் தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இறங்கி வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துப் பார்ப்பது. பிள்ளை குடித்தால் ஸ்டோர். குடிக்காவிட்டால் கிரேன்.

திங்கட்கிழமை ஏணியில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தான், தலைமுடியைப் பிடித்து இழுத்தான், பாலுக்கு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டான். செவ்வாயும் அதே கதை. புதன்கிழமை மார்பில் கன்னத்தை வைத்துத் தூங்கியே போனான். வியாழக்கிழமை அழுதது பிள்ளையல்ல, இவள்.

"விடும்மா, அவன் பழகிட்டான்" என்று மாமியார் முதுகைத் தடவினாள். "நாளைக்குப் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை கட்டடத்தின் கிழக்கு மூலையில் கம்பி இறக்க வேண்டியிருந்தது. அதுவரை எல்லா வேலையும் மேற்கில். கிரேன் கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே அறையும் திரும்பும். ஆகவே அன்றைக்குத்தான் முதன்முறையாக, கண்ணாடிக்கு நேரே அவள் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது.

மணி பதினொன்றே முக்கால். கீழே கம்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் சும்மா பார்த்தாள்.

மாமியார் இடுப்பில் பிள்ளையோடும் கையில் துணி வாளியோடும் மாடிக்கு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பக்கத்து மாடியைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தவள் மேலே மட்டும் பார்க்கவில்லை. வாளிக்குள்ளிருந்து ஈரத் துணியை விலக்கி நீல மூடிப் பாட்டிலை எடுத்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். பாட்டில் அடிவரை காலி. பிறகு தோளில் சாய்த்துத் தட்டி, வாயைத் துடைத்து, பாட்டிலைத் திரும்ப வாளிக்குள் ஒளித்தாள்.

கிரேன்காரிக்கு முதலில் ரத்தம் தலைக்கேறியது. அடுத்து, வெற்றுப் பாட்டிலுக்கு ஈரத் துணி போர்த்துகிற கைச்சாமர்த்தியத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லீவரில் இருந்த கை குலுங்க, கொக்கியும் குலுங்கியது.

வாக்கி-டாக்கி அலறியது. "என்னம்மா, கொக்கி டான்ஸ் ஆடுது? காத்தா?"

"காத்து இல்லண்ணே. எங்க அத்தை."

பன்னிரண்டேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் தயாராக இருந்தாள்.

"வாம்மா, வா. பிள்ளை பசியில துடிச்சுக்கிட்டிருக்கான்."

"துடிக்கறவன் வாய்ல பால் வாசனை வருதே அத்தை?"

"அது... காலையில குடிச்சது."

"ஆமா. காலையில பதினொண்ணே முக்காலுக்கு. நீல மூடி பாட்டில். தோள்ல போட்டு ஒன்பது தட்டு தட்டினீங்க, பத்தாவதுல ஏப்பம் விட்டான்."

மாமியார் முகம் பால் திரிந்த மாதிரி ஆயிற்று. "உனக்கு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுக்காரியா?"

இவள் ஜன்னல் வழியே விரலை நீட்டினாள். கூரைகளுக்கு மேலே மஞ்சள் கிரேன் நின்றது.

"அட பாவி! அங்கேருந்து இதெல்லாமா தெரியும்? இனிமே குடை பிடிச்சுக்கிட்டுதான் மாடிக்குப் போகணும்."

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? நாலு நாளா நான் அழுதுக்கிட்டிருக்கேன்."

மாமியார் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நீ ஸ்டோருக்கு வந்துட்டா மத்தியானமும் நீயே குடுத்துக்குவ. எனக்கு என்ன மிச்சம்? கழுவறதும் தொடைக்கறதும்."

"அப்புறம் எதுக்குத் தினமும் நேராக் குடு, நேராக் குடுன்னு என் உயிரை எடுத்தீங்க?"

"மாமியார்னா அப்படித்தானேம்மா சொல்லணும்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு குரல் இறங்கியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அவள். "ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் பேச வெச்சேன். என் பையன் முதல்ல அம்மான்னு கூப்பிட்டது எங்க அக்காவை. புட்டிப்பால் குடுத்து வளத்தது அவதானே. மடியில படுத்துக் குடிக்கறப்ப அவன் பாக்கற அந்தப் பார்வை இருக்கே, அதை நான் பாத்ததே இல்லை. இப்பத்தான் இவன்கிட்ட பாக்கறேன். தப்புதான். உன்கிட்ட கேட்டிருக்கணும்."

கிரேன்காரிக்கு ஏணி ஏற நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "மூணு மணிப் பாட்டில் வேண்டாம். நான் வர்ற வரைக்கும் தாக்குப்பிடிங்க" என்றாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தபோது பிள்ளையின் குரல் தெருமுனை வரை கேட்டது. மடியில் போட்டாள். இரண்டு இழுப்பு இழுத்தான். தண்ணீர் வராத குழாயைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். வீடே அதிர அழுதான். மாமியார் கை தானாகப் பாட்டிலுக்குப் போய்த் திரும்பியது.

தூக்கம் கலைந்து வந்த புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "முதல்ல மெஷினை ஒரு நிமிஷம் வெச்சுப் பாரு. அடுப்பைச் சூடாக்கிட்டுத்தானே நான் ரொட்டியை உள்ள வெக்கறேன்?"

ரொட்டி அடுப்போடு தன்னை ஒப்பிட்டதற்கு அவனை முறைத்தாலும், செய்து பார்த்தாள். பம்ப் கரகரத்தது. பால் இறங்கிப் பாயத் தொடங்கியதும் அதை உருவிவிட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாள். அழுகை நடுவிலேயே நின்றது. மொடக் மொடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தான். இடது காலால் அவள் வயிற்றில் தாளம் வேறு.

எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. முடித்துவிட்டு அவன் ஏப்பம் விட்டபோதுதான் மாமியார் மெதுவாகச் சொன்னாள்.

"குடிச்சுட்டான். அப்போ ஸ்டோர்தான், இல்லையா? பந்தயம் அதுதானே."

பந்தயத்தை இவள் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறியிருப்பாள் போலிருக்கிறது.

"பந்தயம் நான் கட்டினது. நானே கலைச்சுக்கறேன்" என்றாள் கிரேன்காரி. "இவனுக்கு நான் வேணுமான்னு தெரியணும்னு இருந்துச்சு. தெரிஞ்சுபோச்சு. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் நான் குடுத்துக்கறேன். பகல் பூராவும் உங்களுது. ஆனா ஒளிச்சு வெக்காம, நிழல்ல உக்காந்து குடுங்க."

மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எதுக்களித்த பாலைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

மறுநாள் காலை இன்ஜினியர் அறைக்குப் போனாள்.

"ஸ்டோர்தானே? எழுதிடவா?"

"வேற ஆளைப் பாத்துக்குங்க சார்."

"அப்போ குழந்தை?"

"குழந்தைக்கு ஆள் இருக்கு சார். உங்க கிரேனுக்குத்தான் இல்லை."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள்.