ஆறு மணி மிஸ்டு கால்

என் சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய பட்டன் போன் இருக்கிறது. பின்மூடி கழன்று விழாமலிருக்க அதற்கு ஒரு ரப்பர் பேண்ட். காலை ஆறு மணி வாக்கில் அது ஒரே ஒரு தடவை மணியடித்துவிட்டு நின்றுபோகும். எடுத்துப் பேசக் கூடாது. பேச ஆரம்பித்தால் ஊர்க்கதையாகிவிடும் என்பது அதன் பழைய சொந்தக்காரர் போட்ட சட்டம். அந்தச் சத்தம் வரும்வரை நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். காபி ஆறிப்போகும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெற்றவர்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பார்கள். மேடமும் அப்படித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆபீஸில் கூப்பிட்டதையே காலனியிலும் கூப்பிட, அவர் எல்லோருக்கும் மேடமாகவே நின்றுவிட்டார். மூலை வீட்டு அம்மா இறந்துபோனது எங்களுக்கு வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. மேடம் மட்டும் பொத்திக்கொள்ளாமல் நின்றார். காரியம் முடிந்த கையோடு இந்தப் பட்டன் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

அவர் போட்ட ஏற்பாடு எளிமையானது. தனியாக இருக்கும் ஒவ்வொருவரும் காலையில் அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் அதற்கடுத்தவருக்கு. அப்படியே சுற்றிக் கடைசியில், முதலில் அடிக்கும் மேடத்துக்கே வந்து சேரும். உங்களுக்கு வர வேண்டியது வராவிட்டால் நீங்களும் அடிக்கக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது உங்களுக்கு அடுத்தவருக்கும் மணி வராது, அவரும் கிளம்புவார். "ஒருத்தர் விழுந்தா தெருவே எந்திரிக்கணும்" என்பார் மேடம். முட்டிவலிக்காரரான பேங்க் சார், தன்னால் அவ்வளவு வேகமாக நடந்துபோக முடியாதே என்று இழுத்தார். "மெதுவாவே வாங்க சார். விழுந்தவரு எங்கயும் போயிட மாட்டாரு" என்றார் மேடம். பேங்க் சார் அன்றைக்கே ஒரு கைத்தடி வாங்கிவிட்டார்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிடையரான கையோடு என்னையும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலைக்கு டை அடித்துக்கொண்டு, இரண்டு மாடி ஒரே மூச்சில் ஏறுகிறவளைக் கிழவிகள் கூட்டத்தில் சேர்ப்பதா என்று கேட்டேவிட்டேன். "உனக்கு வயசாச்சுன்னு சேக்கல. டியூட்டில சேக்கறேன்" என்றார்.  ஹெட்மாஸ்டர் சாருக்கு அடுத்தபடியாக என்னை மாட்டிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் சார் அடுத்த தெருவில் தனி வீட்டில் இருந்தார். மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை செய்தித்தாள்தான். ஆறு மணிக்கு வர வேண்டிய அவருடைய கால் என்றைக்குமே நேரத்துக்கு வராது. டிகாஷன் இறங்கி, காபி குடித்து முடித்து, சாவகாசமாக ஆறரைக்கு வரும். அதற்குள் நான் பாதித் தெரு போயிருப்பேன். சாயங்காலம் பார்க் பெஞ்சில் சண்டை போடுவேன். "லேட்டா வந்தாலும் அட்டெண்டன்ஸ் உண்டும்மா" என்று சிரிப்பார். எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததே அந்தச் சண்டையில்தான். வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேர் தெரியாமல் இருந்தவர்கள், யார் லேட், யார் தூங்கிவிட்டார் என்று ஒருவரையொருவர் வம்புக்கிழுக்க ஆரம்பித்திருந்தோம்.

பிறகு காலனி சங்கத்துக்குப் புது செக்ரெட்டரி வந்தார். நல்ல பையன், ஐடி கம்பெனியில் வேலை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பவர். "எதுக்கு ஆன்ட்டி இந்த வயசுல இவ்ளோ சிரமம்? வாட்ஸ்அப் குரூப் போட்டுத் தரேன். ஒரு குட் மார்னிங் போட்டா எல்லாரும் பாத்துடுவாங்க" என்றார். யாருக்குத்தான் சௌகரியம் கசக்கும்? ஒவ்வொருவராக அங்கே போனார்கள். காலையில் மணிச் சத்தம் குறைந்து, நின்றேபோனது. அதற்குப் பதிலாக ரோஜாவும் குத்துவிளக்கும் முருகனும் கும்பிட்ட கைகளும் வந்து குவிந்தன. மேடத்திடம் அந்த மாதிரி போன் கிடையாது. தினமும் என் வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். "படம் வந்துடுச்சு. ஆளு வந்தாரா?" என்பார். தமாஷுக்குச் சொல்கிறார் என்று சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஹெட்மாஸ்டர் சார் பெயரில் தினமும் ஒரு தாமரைப் படம் வந்தது, டாணென்று ஆறு மணிக்கு. அதுதான் மேடத்தை உறுத்தியது. அவர் என்றைக்கு ஆறு மணிக்கு எழுந்து நமக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார் என்று கேட்டார். பார்க்குக்கும் அவர் வருவது குறைந்திருந்தது. மழைக்காலம், கால் வலியாக இருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

ஒரு கார்த்திகைக் காலை, தூறலில் மேடம் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போனார். அன்றும் தாமரை வந்திருந்தது, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். சார் வீட்டுக் கேட்டில் பால் பை கனமாகத் தொங்கியது. பால்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். "நேத்து போட்ட பாலே எடுக்காம கீதும்மா. பக்கத்து வூட்ல கேட்டா, அவரு காலைலயே மெசேஜ் போட்டுட்டாரு, தூங்குவாருன்றாங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து தன் போனை நீட்டித் தாமரையைக் காட்டினார். தூறல் விழுந்து அந்தப் படம் நனைந்தது. மேடம் அதைப் பார்க்கவேயில்லை, தன் பட்டன் போனில் சாரைக் கூப்பிட்டார். உள்ளே மணி அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. 

பெங்களூரில் இருந்த சாரின் மகளைக் கூப்பிட்டேன். அப்பா இப்போதுதானே மெசேஜ் போட்டார் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.  "அது நான்தான் ஆன்ட்டி அனுப்பறேன். அப்பா வாட்ஸ்அப்ப என் லேப்டாப்ல போட்டு வெச்சிருக்கேன். அப்பா அடிக்கடி மறந்துடறாரு, எல்லாரும் வந்து கதவத் தட்டறாங்க. ஹெட்மாஸ்டருக்கே மறதின்னு யாரும் பேசிடக் கூடாதுன்னுதான்." முந்தின இரவு போனை எடுக்காதபோதும், தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாளாம். அப்பாவின் மரியாதையைக் காப்பாற்றத்தான் செய்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

செக்ரெட்டரிதான் கடப்பாரை கொண்டுவந்து கதவைப் பெயர்த்தார். சார் பாத்ரூம் வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். மேடம் குனிந்து பார்த்து, "இருக்காரு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சுத் திரும்பச் சில மாதங்களாயின. திரும்பியதும் அவர் எங்களிடம் சொன்ன விஷயத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன் மேஜைமேல் இருந்ததாம், எட்டவில்லையாம். இரண்டு நாளும் விடிந்ததும் அது டிங் டிங் என்று விடாமல் அடித்ததாம். "எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்லிட்டிருந்தீங்க. நான் கீழ படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

யாரும் சொல்லாமலே மிஸ்டு கால் திரும்பி வந்தது. பகலுக்கு மட்டும் ஓர் ஆளை வைத்திருந்த மகள், அப்பாவை இனி இதில் சேர்க்க வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்று கெஞ்சினாள். மேடம் ஒப்பவில்லை. "எடுத்துட்டா அவரு பேஷண்ட்டும்மா. விட்டு வெச்சா ஹெட்மாஸ்டர்." இடது கட்டைவிரலால் என் எண்ணை அழுத்தப் பழகினார் சார். காலையில் முதல் வேலை அதுதான். காபி அதற்குப் பிறகுதான்.

மேடம் போன ஐப்பசியில் காலமானார், ஆஸ்பத்திரியில், மகன் பக்கத்தில் இருக்கும்போது. மகன் இந்தப் போனை என்னிடம் கொடுத்து, அம்மா உங்களிடம் சேர்க்கச் சொன்னார் என்றார். சார் இப்போது இந்த எண்ணுக்குத்தான் அடிக்கிறார்.

இன்று மணி ஆறேகால் ஆகிறது. போன் அடிக்கவில்லை. காபியில் ஆடை படிந்துவிட்டது. குரூப்பைத் திறந்து பார்க்கவில்லை, அதில் எனக்கு வேலையில்லை. அடுத்ததாக நான் கூப்பிட வேண்டியது பேங்க் சாரை, கூப்பிடவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். தெரு திரும்பும்போது பின்னால் ஒரு கேட் கிறீச்சிட்டது, கைத்தடிச் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் இன்னொரு கேட்.  சார் வீட்டுக் கேட்டில் பால் பை தொங்குகிறது. கையிலிருக்கும் போன் இன்னும் அடிக்கவில்லை.