தரைவீட்டைக் கொடுத்த ஞானம்மாள் அக்கா

ஞானம்மாள் அக்கா போய்விட்டார். இன்று காலை, முதியோர் இல்லத்தில்.

வீட்டில் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்... "என் வீட்லயே இருந்துட்டுப் போயிடுறேன், சரசு."

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை பார்த்தோம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரே சந்தில் குடியிருந்தோம், ஒரே பஸ்ஸில் போய் வருவோம்.

வெயில் தாழ்ந்ததும் அக்கா, படுத்த படுக்கையாக இருக்கும் கிழவர்களைக் கட்டிலோடு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். சிஸ்டர் திட்டுவார்.

"நாள் பூரா சுவத்தையே பார்த்தா யாருக்குத்தான் நோவு தீரும் சிஸ்டர்?" என்பார். மறுநாளும் தள்ளிக்கொண்டு போவார்.

பிறகு எங்கள் சந்து வீடுகளை இடிக்கப்போகிறோம், தோ பாயோவில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றது அரசாங்கம். எந்த மாடி என்பது குலுக்கலில்.

அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் தரைவீடு விழுந்தது. சந்தே பொறாமைப்பட்டது... அப்போது எங்களுக்கெல்லாம் உயரம் என்றாலே பயம்.

பக்கத்து வீட்டு வைரவன் ஐயாவுக்கு ஏழாம் மாடி. துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் போனவர். அந்த பிளாக்கில் லிஃப்ட் ஐந்தில் நிற்கும், அடுத்து ஒன்பதில்தான் நிற்கும். ஏழாம் மாடிக்காரர் எப்படியும் இரண்டு மாடி படியேற வேண்டும்.

"மேல ஏத்திவிட்டா நான் எறங்க மாட்டேன் தாயி. அங்கனயே கெடந்து செத்துருவேன்" என்றார்.

அக்கா அவரைக் கைத்தாங்கலாக வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கே அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். வீட்டை மாற்றிக்கொள்ள முடியாது, சொந்த அப்பா அம்மா என்றால் மட்டும் பார்க்கலாம் என்றார் கிளார்க்.

"இவரு என் அப்பாதான்."

கிளார்க்கும் தமிழர்தான், நம் ஆள். ஐயாவின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அக்காவின் கழுத்தில் சிலுவை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா முருகன்கிட்ட போவாரு, நான் மாதாகிட்ட போவேன். வீட்ல சண்டையில்ல சார்."

கிளார்க்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. தரைவீடு ஐயாவுக்கு, ஏழாம் மாடி அக்காவுக்கு என்று மாற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வைரவன் ஐயாவை அப்பா என்றேதான் கூப்பிட்டார் அக்கா. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்பார். ஐயாவின் மகன் பள்ளிக்கூடம் விட்டதும் "அக்கா, பசிக்குது" என்று ஏழாம் மாடிக்குத்தான் ஓடுவான்.

ஐயா கடைசிவரை அந்தத் தரைவீட்டில் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு... நிம்மதியாகப் போனார்.

நான் கல்யாணமாகி புக்கிட் மேரா வந்துவிட்டேன். அக்கா ஏழிலேயே இருந்தார். பிறகு அவருக்கும் முட்டி போனது.

மற்ற பிளாக்குகளில் எல்லா மாடிக்கும் லிஃப்ட் வைத்தார்கள். இந்த பிளாக்கின் அமைப்புக்கு ஒத்துவராது என்றார்கள். ஆனால் பாத்ரூமில் கைப்பிடி போட்டார்கள், வழுக்காத தரை போட்டார்கள். கீழே பெரிய போஸ்டர் வேறு, முதுமையிலும் சொந்த வீட்டிலேயே வாழலாம் என்று... அதைப் படிக்க அக்கா இறங்கி வந்தால்தானே.

அந்தத் தரைவீடு இப்போது ஐயாவின் மகனுடையது. அவர் இருப்பது நீச்சல்குளம் வைத்த தனியார் காண்டோவில், இதை வாடகைக்கு விட்டிருக்கிறார். கொஞ்ச காலத்துக்கு அக்காவைக் கீழே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நானே போன் போட்டுக் கேட்டேன்.

"டெனன்ட் இருக்காங்க லா ஆன்ட்டி. அதெல்லாம் அந்தக் காலம்."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது அவர் கோபப்படக்கூட இல்லை.

"விடு சரசு. நான் அவன் அப்பாவுக்குத்தானே குடுத்தேன், அவனுக்கா குடுத்தேன்?"

அப்புறம் ஒருநாள் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். அக்கா வீட்டைப் பூட்டச் சொல்லி சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

முதியோர் இல்லத்தில் அவர் கட்டில் சுவரைப் பார்த்திருந்தது. திருப்பிப் போடச் சொன்னேன். முடியாது என்றார்கள்.

அந்த மகன் இன்று பதிவு போட்டிருக்கிறார். "எங்கள் அக்கா, இன்னொரு தாய், RIP" என்று. கூடவே கும்பிடும் கை எமோஜி மூன்று. எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள்... சொல்லட்டும்.

அக்காவை அவர் பிளாக்குக்கே கொண்டுவருகிறார்கள். கீழே கூடாரம் போட்டாயிற்று, அந்தத் தரைவீட்டு வாசலுக்கு நேர் எதிரே.

இன்று மாலை ஜெபம். முட்டிவலிக்காரர்களும் வாருங்கள், படி ஏற வேண்டியதில்லை.

போயிட்டு வாங்க அக்கா.