அரக்கு என்றால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது

அன்றைக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பட்டுக்கடை முதலாளி என் முகத்தைப் பார்த்து நேராகத்தான் கேட்டார், "சரி பண்ணது யாரும்மா, நீயா?" என்று. "எங்க சார்தான் பண்ணாரு" என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்வி பாத்திரம் தேய்க்கும்போது வரும், குழாயை மூடினால் போய்விடும். போன சனிக்கிழமையிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை என் மகள் தர்ஷினி கோடிங் வகுப்பு முடிந்து வந்தாள். ஐந்தாவது படிக்கிறாள். வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் நான். ஷூவைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, சார் ஒரு கதை சொன்னாரும்மா. அவரு முன்னாடி ஒரு பொடவக் கடைக்கு வெப் பேஜ் செஞ்சாராம். பட்டன அமுக்குனா பார்டர் கலர் மாறுமாம். அவராண்ட படிச்ச ஒரு அக்கா, செம மக்காம், கலர் பேர தப்பா போட்டு கல்யாணப் பொடவையெல்லாம் வெள்ளையா ஆயிடுச்சாம். கிளாஸே சிரிச்சிக்கினு இருந்துச்சும்மா."

சாரின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். அவரேதான், எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த அதே சார். தோசை கருகுவதைச் சொல்லி, அடுப்பை அணைத்ததும் அவள்தான்.

அந்தக் கருகல் வாசனை எனக்குப் பழக்கமானதுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் யூபிஎஸ் பெட்டி சூடானால் இப்படித்தான் நாறும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பி.காம். முடித்துவிட்டு ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவேன். பக்கத்து நாற்காலியில் ரிஹானா. அவள் அப்பாவுக்கு டவுனில் செருப்புக் கடை. அதனால் எங்கள் செருப்பு தொலைந்தால் கவலையில்லை என்று சொல்லிச் சிரிப்போம்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் முதல் பாடம், ஒரு வரி எழுதினால் திரையில் ஒரு பெட்டி குதித்து வந்து "வணக்கம்" சொல்லும். நாற்பது தடவை அதை வரவழைத்திருப்பேன். "ஏய், அதுக்கே வாய் வலிக்கப் போகுது" என்றாள் ரிஹானா. அடுத்த பாடத்தில் மாட்டிக்கொண்டேன். டாக்குமெண்ட் என்ற சொல்லில் வரியைத் தொடங்க வேண்டும். வரி தொடங்குகிறதே என்று முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டேன். எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். பக்கம் அசையவில்லை. அங்கே சின்ன எழுத்துதான் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சொன்னது பிடிபடாவிட்டால் பல நேரம் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி கத்தாது, பேசாமல் இருந்துவிடும். என்னைப் போல.

ஆறாவது மாதம் சார் ஒரு பட்டுக்கடையின் வேலையைப் பிடித்து என்னிடம் கொடுத்தார். திரையில் ஒரு புடவை. உடல் ஒரு பெட்டி, பார்டர் ஒரு பெட்டி, முந்தானை ஒரு பெட்டி. பக்கத்தில் கலர் பட்டன்கள். அமுக்கினால் அந்தந்தப் பெட்டி நிறம் மாற வேண்டும். ரெட், கிரீன் என்று போட்டுப் பார்த்தேன். மாறியது. அந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. தறியில் நாள்கணக்காக உட்கார்ந்து வர வேண்டிய பார்டர், என் விரல் பட்டதும் வந்தது.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்தினம் சார் பார்த்தார். "நம்மூர்ல எவ வந்து ரெட்டு, கிரீனுன்னு பொடவ கேக்கறா? அரக்கு, மாம்பழம், மயில்கழுத்துன்னு மாத்துமா. எல்லா எடத்துலயும் மாத்திடு."

எல்லா இடத்திலும் என்றார். மாற்றினேன். பட்டனின் முகத்தில் மட்டுமல்ல, உள்ளே நிறத்தைச் சொல்கிற வரிகளிலும். அரக்கு என்றால் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் எங்கள் ஊரில் அரக்கு தெரியாதவர்கள் யார்? சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் கிளம்பினேன். அது என் தப்பு. இல்லையென்று நான் என்றைக்கும் சொன்னதில்லை.

கடையில் திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார் மெத்தையில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பெருமையாக அவர்களைக் கூப்பிட்டார். "வாங்கம்மா, இங்கியே கலர் மாத்தி மாத்திப் பாருங்க."

பக்கம் திறந்தது. புடவை வெள்ளையாக இருந்தது. அரக்கை அமுக்கினேன். வெள்ளை. மாம்பழம். வெள்ளை. கல்யாணப் பெண்ணின் அத்தை எழுந்துவிட்டார். "இன்னாபா இது, மொகூர்த்தப் பொடவ எடுக்க வந்தா வெள்ளப் பொடவைய காட்ற? எழுந்துரு கண்ணு, வேற கடைக்குப் போலாம்." அந்தப் பெண்ணுக்குத் திரையைப் பார்க்க ஆசை. அவளை யார் கேட்டார்கள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இந்தப் பொண்ணு ஒரு மக்குங்க" என்றார் சார். "நான் செஞ்சு வெச்சிருந்தேன், தெரியாம கைய வெச்சிக் கெடுத்துடுச்சி." கடைப் பையன்கள்வரை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மாற்றச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

சார் சாப்பிடப் போனார். நானும், துணைக்கு வந்திருந்த ரிஹானாவும் கடையின் பின்னறையில் உட்கார்ந்தோம். நிறம் சொல்லி நெய்யக் கொடுப்பதற்காகக் கடைகளில் ஓர் அட்டை இருக்கும். சாயம் போட்ட பட்டு நூலைத் துண்டு துண்டாகக் கட்டிவைத்திருப்பார்கள். அந்த அட்டையை ரிஹானா திரையோரம் பிடித்துக்கொண்டாள். ரெட், கிரீன் மாதிரி இங்கிலீஷ் பெயர் இல்லாவிட்டால் நிறத்தை எண்ணாகச் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குப் புரியும். நூலும் திரையும் ஒன்றாகிறவரை ஒவ்வொரு நிறத்துக்கும் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டேன். அரக்குக்கு மட்டும் ஒரு மணி நேரம். பெயருக்குப் பக்கத்தில் எண் என்று பட்டியல் எழுதி, பட்டனை அமுக்கினால் பட்டியலில் தேடி எடுக்கும்படி செய்தேன். பக்கம் திறக்கும்போதே மாம்பழ உடலும் அரக்கு பார்டருமாக வரவும் இரண்டு வரி சேர்த்தேன். இனி யார் திறந்தாலும் வெள்ளை வராது.

சார் வந்து பார்த்தார். "ம்" என்றார். முதலாளி வந்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். என் பதிலைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

வெளியே வந்ததும் ரிஹானா கத்தினாள். "உனுக்கு இன்னா பைத்தியமாடி? அவரு கடைக்கு ஆள் தேடிக்கினு இருக்காரு. அதுக்குத்தான் கேட்டாரு." எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? அந்த வேலை சாருக்குப் போனது, அதைக் காட்டி இன்னும் பல கடைகள். சான்றிதழில் அவர் கையெழுத்து பாக்கி இருந்தது, அதற்குப் பயந்தேனா? மக்கு என்று ஊர் கேட்கச் சொன்ன பிறகு நான் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேனா? இல்லை, பெரியவர் பெயரைச் சொல்வது மரியாதை என்று வாய் பழகிவிட்டதா? எதைப் போட்டுப் பார்த்தாலும் பொருந்தவில்லை. அவர் மீது வருகிற கோபம் பாதி வழியில் திரும்பி என் மீதே வந்து விழுகிறது. அதற்கும் கோபம் வருகிறது.

சென்டர் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. ரிஹானா பெங்களூரில் வெப் பேஜ் செய்கிற இதே வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமையே அந்தப் பக்கத்தின் பழைய முகவரியை அடித்துப் பார்த்தேன். இல்லை. கடைக்காரர்கள் செயலிக்கு மாறிவிட்டார்கள். நான் எழுதிய பட்டியல் எங்கும் இல்லை. நான் மக்கு என்பது மட்டும் பத்திரமாக இருக்கிறது, என் மகளின் வாயில்.

ரிஹானாவுக்குப் போன் செய்தேன். "இப்பவாவது வாயத் தொறடி" என்று வைத்துவிட்டாள்.

நேற்று சாப்பிடும்போது தர்ஷினி கேட்டாள், "அந்த அக்கா இப்ப இன்னாம்மா பண்ணிக்கினு இருப்பாங்க?" "இன்னொரு தோசை வேணுமா?" என்றேன்.

அவளுக்கு அந்த வகுப்பு உயிர். நான்தான் அந்த அக்கா என்று சொன்னால் இனி அந்த சாரிடம் அவளால் படிக்க முடியுமா? சொல்லாவிட்டால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே வளர்வாள். நாளைக்கு அவள் செய்ததை ஒருவர் தன்னுடையது என்றால், என்னைப் போலவே தலையாட்டுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. பள்ளிக்கே போய்ப் பிள்ளைகள் முன்னால் அவரைக் கேட்டுவிடலாமா என்று காலையில் தோன்றுகிறது. சாயங்காலம் அது சரியில்லை என்று படுகிறது.

இதைப் படிப்பவர்களில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்? சனிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. பள்ளிக்கு அவளைக் கொண்டுபோய் விடுவது நான்தான்.